தல்மூத் படிக்க ஏஐ: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தைத் தினம் ஒரு தாள் வீதம் படிப்பது தாஃப் யோமி. மொத்தம் 2,711 தாள்கள், முடிக்க ஏழரை ஆண்டுகள். 2020 ஜனவரியில் தொடங்கிய 14ஆவது சுற்று 2027 ஜூனில் முடிகிறது. இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கத்தான் பலரும் ஏஐ சாட்பாட்டைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். நீண்ட காலம் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவானது இதுதான்: கையில் கொடுத்த பகுதியைப் பிரித்துக் காட்டச் சொன்னால் நன்றாக உழைக்கும். கொடுக்காத ஒன்றை எங்கிருந்தாவது தேடித் தரச் சொன்னால் காலை வாரிவிடும்.

தல்மூத்தின் வழக்கமான அச்சான வில்னா பதிப்பில் காற்புள்ளியோ கேள்விக்குறியோ கிடையாது. கேள்வி எங்கே முடிந்து பதில் எங்கே தொடங்குகிறது என்பதை அரமேயச் சொற்களை வைத்தே பிடிக்க வேண்டும். ஏஐ உண்மையிலேயே உதவுவது இங்கேதான். யூத நூல்களை இலவசமாகத் தரும் செஃபாரியா தளத்தில் அன்றைய தாளைத் திறந்து, ஒரு விவாதத்தின் எட்டுப் பத்து வரிகளை மட்டும் மூல மொழியில் எடுத்து ஒட்டுங்கள். அதே வரிகளுக்கு ராஷி என்ற இடைக்கால அறிஞர் எழுதிய உரையையும் சேருங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாகக் கேளுங்கள்: இதைச் சொன்னது யார், இது கேள்வியா, பதிலா, ஆட்சேபமா, ஆதாரமா, கடைசியில் நின்றதா, தள்ளப்பட்டதா? ஒட்டியதற்கு வெளியே எதையும் சேர்க்காதே என்றும் எழுதிவிடுங்கள். முழுத் தாளையும் ஒரேயடியாகக் கொட்டினால், நடுவில் எழுப்பிப் பார்த்துக் கைவிட்ட கருத்தையே முடிவான தீர்ப்பாக எடுத்து நீட்டும்.

மூலத்தை விட்டுவிட்டு ஆங்கில மொழிபெயர்ப்பை ஒட்டுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. செஃபாரியாவில் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டைன்சால்ட்ஸ் பதிப்பில் தடித்த எழுத்தில் இருப்பது மட்டுமே தல்மூத்தின் நேர் மொழிபெயர்ப்பு. மெல்லிய எழுத்தில் இருப்பது உரைக்காரர் இட்டு நிரப்பியது. நகலெடுத்து ஒட்டும்போது அந்தத் தடிப்பு போய்விடும். உரைக்காரர் சொன்னதையும் 'தல்மூத் சொல்கிறது' என்று ஏஐ ஒப்பிக்கும்.

தல்மூத்தின் கெதுபோத் பிரிவில் 93ஆம் தாளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். கணவன் இறந்துவிட்டான். மூன்று மனைவியருக்கும் திருமண ஒப்பந்தப்படி முறையே 100, 200, 300 வர வேண்டும். சொத்தோ 200தான். தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா 50, 75, 75 என்று பிரிக்கிறது. ஏன் இந்தக் கணக்கு? மனைவியருள் ஒருத்தி முதல் நூறில் தன் வழக்கை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்த நிலையைப் பற்றியது இது என்று கெமாராவில், அதாவது மிஷ்னாவை விவாதிக்கும் தல்மூத் பகுதியில், ஷ்முவேல் என்ற அறிஞர் விளக்குகிறார். 1985இல் ஆமன், மாஷ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டக் கோட்பாட்டைக் கொண்டு வேறொரு விளக்கம் தந்தார்கள். அது மிக அழகானது, பரவலாகப் பேசப்பட்டது. ஏஐயிடம் கேட்டால் ஆமன் விளக்கத்தைத் தூக்கி கெமாராவின் வாயில் வைத்துவிடும். பகுதியை ஒட்டிக் கேட்டால் ஷ்முவேல் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

எது இணையத்தில் அதிகம் புழங்குகிறதோ அதில்தான் ஏஐ தேறுகிறது. ராவா என்ற தல்மூத் அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து ரபி (யூத மதகுரு) ஜெய்ராவிடம் அனுப்பினார், பேச்சுக் கொடுத்தால் அது பதில் சொல்லவில்லை என்ற கதை எங்கே என்று கேளுங்கள். சன்ஹெத்ரின் 65 என்று சரியாகச் சொல்லிவிடும். அப்படிச் செயற்கையாகப் படைத்த மனிதனான கோலெமைத் தொழுகைக்கான பத்துப் பேரில் ஒருவராக எண்ணலாமா என்று ஹகாம் ட்ஸ்வி என்ற ரபி ஆராய்ந்த 93ஆம் மறுமொழிக்கு (சட்டக் கேள்விக்கு ரபி எழுதிய பதில்) வந்தால் தடுமாற்றம் தொடங்கும். இன்னும் அரிதான மறுமொழி நூல்களில் எண்ணையே இட்டுக்கட்டிவிடும். சொன்னவர் பெயரால் சொல்பவன் உலகுக்கு மீட்பைக் கொண்டுவருகிறான் என்று ஆவோத் நூல் 6:6 சொல்லும் மரபில், இட்டுக்கட்டிய மேற்கோளைச் சின்னப் பிழை என்று விட முடியாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. தல்மூத்தின் பெராகோத் பிரிவு 2ஆம் தாளில் தொடங்கி 64இல் முடிகிறது. 'பெராகோத் 71' என்று வந்தால் அடுத்த நொடியே தள்ளிவிடலாம். எண் வரம்புக்குள் இருந்தாலும் தாளைத் திறந்து பார்க்காமல் குறித்துக்கொள்ளாதீர்கள்.

சட்ட நூல்களில் வரும் குழப்பம் வேறு வகை. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் ஆரூக், ஓராஹ் ஹயிம் பகுதி 453:1இல் அதன் ஆசிரியர் யோசேப் காரோ பெசாஹ் (பாஸ்கா) பண்டிகையில் அரிசியை அனுமதிக்கிறார். அதே பத்தியில் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கம் அதைத் தவிர்ப்பது என்று ரெமா என்ற போலந்து ரபி குறிப்புச் சேர்க்கிறார். இருவர் குரலையும் ஏஐ ஒன்றாக்கி, ஷுல்ஹான் ஆரூக் அரிசியைத் தடுக்கிறது என்று சொல்லும். எந்தச் சொல் காரோவுடையது, எது ரெமாவுடையது என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நடைமுறைத் தீர்ப்பை மட்டும் ரபியிடமே கேளுங்கள்.

சுருக்கெழுத்துகளுக்குப் பொது சாட்பாட்டைவிட டிக்டா என்ற அமைப்பின் எபிரேயக் கருவிகள் மேல். ரேஷ்-தாவ் என்ற ஈரெழுத்து தோசஃபோத் என்ற தல்மூத் உரையில் வந்தால் ரபேனு தாம் என்ற அறிஞரின் பெயர், வேறு இடத்தில் வெறும் 'முதலெழுத்துகள்'. எந்த நூலிலிருந்து எடுத்தது என்று சொல்லாமல் கேட்டால் பாதி நேரம் தவறும்.

ஹவ்ரூதா, அதாவது இருவர் மோதிப் படிக்கும் முறைக்கு ஏஐ ஈடாகுமா? பாவா மெட்சியா 84ஆம் தாளில் உடன் படித்த ரேஷ் லாகிஷ் இறந்த பிறகு ரபி யோஹனானுக்குத் துணையாக எல்அசார் பென் பெதாத்தை அனுப்புகிறார்கள். எதைச் சொன்னாலும் 'உங்களுக்கு ஆதரவாக ஒரு பரைத்தா (மிஷ்னாவில் சேராத பழைய போதனை) இருக்கிறது' என்கிறார் அவர். ரேஷ் லாகிஷ் என்றால் இருபத்து நான்கு ஆட்சேபங்கள் எழுப்புவார், நான் இருபத்து நான்கு பதில் சொல்வேன், விஷயம் விரியும் என்று யோஹனான் கதறுகிறார். சாட்பாட் அந்த எல்அசாரைப் போலத்தான் தலையாட்டுகிறது. அவர் காட்டிய பரைத்தாவாவது உண்மையில் இருந்தது. இதைக் குறைக்க, 'என் கருத்து சரியா' என்று கேட்காதீர்கள். ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு பகுதிகளை ஒட்டி, இந்த வரியை வைத்து என் விளக்கத்தை உடை என்று கேளுங்கள். மூன்று ஆட்சேபங்களில் ஒன்றாவது தேறும். அந்த ஒன்று பல நாள் பயன் தரும்.

ஓய்வுநாளில் கருவிகளைத் தொடாதவர்கள் வெள்ளிக்கிழமையே அச்சிட்டுக்கொள்கிறார்கள். அப்போது ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் தாள் எண் இருக்கட்டும், அச்சுப் புத்தகத்தில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். வேத வசனங்களில் இறைவனின் நாலெழுத்துப் பெயர் முழுதாக வந்தால் அந்தத் தாளைக் குப்பையில் போட முடியாது, புனித ஏடுகளைச் சேர்த்து வைக்கும் கெனிசாவுக்குத்தான் போக வேண்டும். அச்சிடும் முன் அதை 'ஹே' என்ற ஒற்றை எழுத்தாக மாற்றச் சொல்லுங்கள்.