‘டேர்’ அகராதி: அமெரிக்க வட்டாரச் சொல்லின் ஊரைச் சொல்லும், வயதைச் சொல்லாது

அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு சொல்லோ சொலவடையோ எங்கிருந்து வந்தது என்று தேடினால் முதலில் கையில் அகப்படுவது ஒரு கதை. சொல் பரவிய பிறகு அதற்குப் பொருத்தமாக யாரோ கட்டிவிட்டது. கதையை ஒதுக்கிவிட்டுச் சான்றை மட்டும் வைத்துப் பேசும் நூல்கள் குறைவு. அவற்றில் முக்கியமானது ‘டிக்‌ஷனரி ஆஃப் அமெரிக்கன் ரீஜனல் இங்கிலிஷ்’, சுருக்கமாக ‘டேர்’. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1985 முதல் 2013 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தது. 2013 இறுதியில் இணையப் பதிப்பு வந்தது. இந்த மதிப்புரை இணையப் பதிப்பைப் பற்றியது.

அகராதியின் அஸ்திவாரம் ஒரு கள ஆய்வு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் காசிடி தலைமையில் 1965க்கும் 1970க்கும் இடையே ‘வேர்டு வேகன்’ என்று பெயரிட்ட வண்டிகளில் ஆய்வாளர்கள் நாடு முழுக்கப் போனார்கள். 1,002 ஊர்கள், 2,777 பேர், 1,600க்கு மேற்பட்ட கேள்விகள். சொல்லை முன்னால் நீட்டி “இது தெரியுமா?” என்று கேட்பதில்லை, பொருளை விவரித்து “இதற்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்பார்கள். கொட்டித் தீர்க்கும் மழைக்கு வேடிக்கையாக என்ன பெயர் என்று கேட்டதற்கு ‘கல்லி வாஷர்’, ‘ஃபிராக் ஸ்டிராங்லர்’, ‘கூஸ் டிரவுண்டர்’ என்று பதில்கள் குவிந்தன. வாயில் தானாக வந்த சொல் என்பதால்தான் இந்தத் தரவை நம்ப முடிகிறது.

பதிவுகளோடு வரும் வரைபடம் முதல் பார்வையில் குழப்பும். மாநிலங்களின் பரப்பளவை அது காட்டுவதில்லை. மக்கள்தொகையை ஒட்டி ஆய்வு செய்த ஊர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாநிலங்கள் பெருத்தும் சிறுத்தும் இருக்கும். நியூயார்க் பூதாகரமாகத் தெரியும், மேற்கே பரந்து கிடக்கும் மாநிலங்கள் சுருங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சொல்லைச் சொன்ன ஓர் ஊர். புள்ளி இல்லையென்றால் அங்கே யாருக்கும் அந்தச் சொல் தெரியாது என்று முடிவுகட்டக் கூடாது. அந்த ஊரில் பதில் சொன்னவர்கள் வேறு சொல்லைச் சொன்னார்கள், அவ்வளவுதான். வட்டாரக் குறிப்பில் வரும் ‘சீஃப்லி’ என்பதையும் ‘பெரும்பாலும்’ என்றே படிக்க வேண்டும், ‘மட்டும்’ என்று படித்தால் தவறு.

வரைபடத்தைப் படிக்கப் பழகிவிட்டால் கிடைக்கும் பலன் பெரிது. ‘தட்டான்பூச்சி’ கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ‘டார்னிங் நீடில்’, தெற்குக் கடலோரம் ‘மஸ்கிட்டோ ஹாக்’, தெற்கின் உள்நாட்டில் ‘ஸ்நேக் டாக்டர்’. குடியேறிகள் நகர்ந்த தடங்களே கண்ணுக்குத் தெரிகின்றன. வாசற்படித் திண்ணையைக் குறிக்கும் ‘ஸ்டூப்’ வடகிழக்கில் அடர்ந்திருப்பது, அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் ‘ஸ்டூப்’தான் அது என்பதோடு பொருந்திப் போகிறது. கடைக்காரர் கொசுறாகத் தருவதைக் குறிக்கும் ‘லான்யாப்’ லூசியானாவைச் சுற்றி நிற்கிறது: கெச்சுவா மொழியின் ‘யாபா’ ஸ்பானிஷுக்குப் போய், லூசியானா பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்.

ஊர்க் கதைகளையும் இந்த வரைபடம் சோதித்துவிடும். பொதுஇடக் குடிநீர்க் குழாயை விஸ்கான்சினில் ‘பப்ளர்’ என்பார்கள். குழாய்ச் சாதனங்கள் செய்யும் உள்ளூர் கோலர் நிறுவனம் வைத்த பெயர் என்று அங்கே பெருமையாகச் சொல்வதுண்டு. வரைபடத்தில் அதே சொல் ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் திரண்டு நிற்கிறது. ஒரே நிறுவனம், ஒரே ஊர் என்ற விளக்கம் அதற்கு மேல் செல்லாது.

சொலவடைகளிலும் இதே வேலை நடக்கிறது. ஒருவரை அறவே தெரியாது என்பதற்கு ‘ஆதாமின் ஆஃப் ஆக்ஸ்’ என்று ஒரு வழக்கு உண்டு. ‘ஆஃப் ஆக்ஸ்’ என்றால் நுகத்தின் வலத்தை மாடு. ஓட்டுபவர் இடப்பக்கம் நடப்பதால் அவருக்கு எட்டத்தில் இருப்பது. தெற்கே போனால் மாட்டின் இடத்தில் ஆதாமின் வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குறைகளில் பெரியது காலம். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் 60 வயது கடந்தவர்கள், அதுவும் 1960களில். இன்றைய இளைஞர் கொச்சைக்கு இதில் தேடிப் பயனில்லை. இன்னொன்று, நாடு முழுக்கப் புழங்கும் சொற்களை விலக்குவது இதன் விதி. ஆகவே நகரங்களின் பட்டப்பெயர்களுக்கும் ‘ஓகே’ போன்றவற்றுக்கும் பழைய செய்தித்தாள் தொகுப்புகள்தான் கதி. அவற்றில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) ‘குரோனிக்லிங் அமெரிக்கா’ இலவசம். ‘ஓகே’யைச் சொல்லாய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் இப்படித்தான் 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் மார்னிங் போஸ்ட் வரை பின்தொடர்ந்தார். சிகாகோவை ‘விண்டி சிட்டி’ (காற்று நகரம்) ஆக்கியவர் 1893 உலகக் கண்காட்சியை எந்த நகரம் நடத்துவது என்ற போட்டியில் நியூயார்க் சன் ஆசிரியர் சார்லஸ் டானா என்பார்கள். 1876ஆம் ஆண்டு சின்சினாட்டி செய்தித்தாளிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

அச்சில் கிடைத்த முதல் தேதியைப் பிறந்த தேதியாக எண்ணிவிடாதீர்கள். ‘எல்லாமே, முழுசாக’ என்று பொருள்படும் ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ (முழு ஒன்பது கெஜம்) இரண்டாம் உலகப் போர் விமானத் துப்பாக்கியின் 27 அடித் (ஒன்பது கெஜத்) தோட்டா வாரிலிருந்து வந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். பிறகு 1907ஆம் ஆண்டு இண்டியானா இதழில் ‘ஃபுல் நைன் யார்ட்ஸ்’ கிடைத்தது, 1912இல் கென்டக்கியில் ‘ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’ கிடைத்தது. ஆறும் ஒன்பதும் மாறி மாறி வருகிற இடத்தில், ஒன்பதுக்கு அளவெடுத்துத் தைத்த எந்த விளக்கமும் நிற்காது.

பயன்படுத்தும்போது முதலில் வட்டாரக் குறிப்பு, அடுத்து வரைபடம், பிறகு தேதிவாரியான மேற்கோள்கள், கடைசியில் சொற்பிறப்பு என்ற வரிசையில் படியுங்கள். சொற்பிறப்பை முதலில் படித்தால் மற்றவற்றை அதற்கேற்ப வளைக்கத் தோன்றும். இணையப் பதிப்பில் வட்டாரம் வாரியாகச் சொற்களைப் பார்க்கலாம், ஒரு கேள்விக்கு வந்த எல்லாப் பதில்களையும் திரட்டலாம். அச்சுப் பதிப்பில் இதற்கு ஆறாம் தொகுதியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இது சந்தாச் சேவை. எப்போதாவது ஒரு சொல்லைப் பார்ப்பவர் பணம் கட்ட வேண்டாம். இலவச மாதிரிப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழக நூலகம் வழியாக அணுகினால் போதும். மொழிபெயர்ப்பவர்களும் அமெரிக்கப் புனைவை ஆழ்ந்து படிப்பவர்களும் தயங்காமல் சந்தா கட்டலாம். கள ஆய்வின் ஒலிப்பதிவுகளை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ‘ஆர்தர் த ராட்’ என்ற ஒரே கதையைப் பல மாநிலத்தார் வாசிப்பதால் உச்சரிப்பை நேருக்கு நேர் ஒப்பிடலாம். சந்தா இல்லாதவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.