ஒரு உருட்டுப் பலகையும் 4,000 உருண்டைகளும்

கெண்டைக்கு இரை உருண்டை பிடிக்கிற வேலையை ஆறு வருஷமாகக் கையாலேயே செய்துவந்தேன். முட்டை விட்டுப் பிசைந்து, உருட்டி, வேகவைத்த இந்த இரை உருண்டைக்குப் பாய்லி என்று பெயர். 16 மில்லிமீட்டர் பாய்லி என்றால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 400 உருண்டை வரும். அத்தனையையும் உள்ளங்கையில் வைத்து உருட்டி முடிக்க ஒரு சாயங்காலம் போதாது. போன வருஷம் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. இனி ஒன்று ரெடிமேட் இரை வாங்க வேண்டும், இல்லையென்றால் உருட்டுப் பலகை வாங்க வேண்டும் என்ற நிலை. பலகையை வாங்கினேன், கூடவே மாவு பிதுக்கும் துப்பாக்கி ஒன்றையும். ஒரு பருவம் முழுக்க, 10 கிலோ மாவு உருட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பலகை பார்ப்பதற்கு மிக எளிமையான பொருள். கெட்டியான பிளாஸ்டிக்கில் இரண்டு பாகங்கள். இரண்டிலும் அரைவட்ட வாய்க்கால்கள் வரிசையாக ஓடுகின்றன. கீழ்ப்பாகம் நீளம், மேல்பாகம் குட்டை, அதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. கயிறு போலத் திரித்த மாவை வாய்க்கால்களுக்குக் குறுக்கே கிடத்தி, மேல்பாகத்தை வைத்து முன்னும் பின்னும் நாலைந்து தடவை தள்ளினால், மாவு துண்டு துண்டாக அறுபட்டு, ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு உருண்டையாகத் திரண்டு நிற்கும். முதல் தடவை மேல்பாகத்தைத் தூக்கிப் பார்த்தபோது என்னையறியாமல் கைதட்டினேன். அச்சில் வார்த்தது போல இருபது உருண்டைகள்!

ஆனால் அந்த முதல் இருபதுக்கு முன்னால் ஒரு முழு மாவும் வீணாகிப் போனது. பெட்டியோடு வந்த குறிப்பில் ஒரு வரி கூடச் சொல்லாத விஷயம் அது. துப்பாக்கியின் மூக்கு கூம்பு வடிவில் வருகிறது. நமக்கு வேண்டிய அகலத்தில் நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். 16 மில்லிமீட்டர் உருண்டைதானே என்று 16 மில்லிமீட்டருக்கே வெட்டிவிட்டேன். மாவு அதிகமாகி, ஒவ்வொரு உருண்டைக்கும் இடுப்பில் ஒரு வளையம் பிதுங்கி நின்றது, சனிக்கிரகம் மாதிரி. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 16 மில்லிமீட்டர் நீளமுள்ள மாவுத் துண்டு 16 மில்லிமீட்டர் உருண்டையாக வேண்டும் என்றால் மாவின் தடிமன் 13 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். உருண்டையின் விட்டத்தில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொஞ்சம் கூட என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மூக்கை வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்டாது. அதனால் முதலில் 12-க்கு வெட்டி, உருட்டிப் பார்த்து, உருண்டை ஓரத்தில் சப்பையாக வந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். நான் தனியாக இன்னொரு மூக்கு வாங்கி வெட்டினேன்.

மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பலகை மாவைப் பார்த்துத்தான் வேலை செய்யும். என் அடிப்படைக் கலவை பாதி ரவை, பாதி சோயா மாவு. வெதுவெதுப்பான தண்ணீர்க் காலத்தில் சோயாவில் பாதியைக் குறைத்துவிட்டு மீன் தூள் சேர்ப்பேன். ஆறு முட்டையை அடித்து, அதில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசைந்தால் ஏறக்குறைய அரைக் கிலோ உலர் கலவையைக் குடிக்கும். பிசைந்த மாவை மூடி இருபது நிமிஷம் வைத்துவிட வேண்டும். ரவை அந்த நேரத்தில் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையால் உருட்டும்போது இந்த இருபது நிமிஷத்தை நான் மதித்ததே கிடையாது, ஒட்டினால் கையில் எண்ணெய் தொட்டுக்கொள்வேன். பலகையில் அது நடக்காது. ஈரம் கூடினால் மாவு வாய்க்காலில் அப்பிக்கொள்ளும், குறைந்தால் நடுவில் பிளந்துவிடும். சரியான மாவு தொட்டால் விரலில் ஒட்டாது, வளைத்தால் விரிசல் விடாது.

கரடுமுரடான கலவைகள் இந்தப் பலகைக்கு ஆகாது. பறவைத் தீவனம் கலந்து ஒரு முறை செய்தேன். முழு விதைகள் வாய்க்கால் விளிம்பில் மாட்டி உருண்டையின் தோலைக் கிழித்துவிட்டன. சல்லடையில் சலித்த தூள் என்றால் மட்டும் நன்றாக வருகிறது. முரட்டுக் கலவைதான் உங்கள் வழக்கம் என்றால் இதை வாங்காதீர்கள், கையே மேல்.

இப்போது முக்கியமான கேள்வி. உருண்டை ஒரே அளவில் இருப்பதால் மீனுக்கு என்ன லாபம்?

எங்கள் கரையில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து உட்காருவோம். மூத்தவர் ஒருவர், ரொட்டியைத் தவிர வேறு எதையும் தூண்டிலில் கோக்காதவர். இன்னொருவன் இளைஞன், இரண்டு வருஷமாகத்தான் வருகிறான். பலகையில் உருட்டிய முதல் டப்பாவை நான் திறந்ததும் மூத்தவர் ஒரு உருண்டையை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, கெண்டை என்ன ஸ்கேல் வெச்சு அளந்தா திங்குது?”

“அளந்து திங்காது ஐயா. ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேகும்ல.”

“1952-ல ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு கெண்டையைப் பிடிச்சாரே, இங்கிலாந்துல, ரெட்மயர் குளத்துல. எதை வெச்சு? ரொட்டி! அவர்கிட்ட பலகை இருந்துச்சா?”

இந்த வாக்கர் கதையை அவர் மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். கதை உண்மைதான். அந்த மீனைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்தார்கள், பல வருஷம் அங்கே உயிரோடு இருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இளகிவிடும். எனக்கும் அந்த இடம் பிடிக்கும், அதனால் குறுக்கே பேச மாட்டேன்.

ஆனால் ‘வேகும்’ என்று நான் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பாய்லியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவதே முட்டை இறுகி மேலே ஒரு தோல் பிடிக்கத்தான். அந்தத் தோல் இருந்தால்தான் பொடி மீன்கள் கொத்திக் கரைத்துவிடாமல், பெரிய கெண்டை வரும்வரை உருண்டை தரையில் கிடக்கும். கையால் உருட்டிய காலத்தில் ஒரே சட்டியில் 12 மில்லிமீட்டரும் இருக்கும், 20-ம் இருக்கும். சின்னது கல்லாகிவிடும், பெரியது உள்ளே பச்சை மாவாகவே நிற்கும். ஹேர் ரிக் என்கிற தூண்டில் அமைப்பில் கோக்க ஊசியால் குத்தும்போதே பாதி பிளந்துபோகும். இப்போது ஒரு கை அள்ளிப் போட்டு 90 விநாடி, எடுத்துவிடுவேன். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் தண்ணீரின் கொதி அடங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பிறகு வலைத் தட்டில் பரப்பி இரண்டு நாள் காற்றாட விட்டு, ஃப்ரீசரில் வைப்பேன். ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று உருண்டைகளை ராத்திரி போட்டு வைத்தேன். காலையில் மூன்றும் ஒரே அளவு ஊறியிருந்தன. அழுத்தினால் ஓரம் மெதுவாக, நடு உறுதியாக. கையால் உருட்டியதில் இந்த நம்பிக்கை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. தூண்டிலைப் போட்டுவிட்டு, முள்ளில் இரை இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு நாலு மணி நேரம் உட்கார்ந்த ராத்திரிகள் எனக்கு நிறைய உண்டு. இந்தப் பலகை எனக்குக் கொடுத்தது அந்த நிம்மதி.

ஹேர் ரிக்கிலும் இதே கதைதான். அதில் இரை முள்ளில் குத்தப்படுவதில்லை. முள்ளுக்குப் பின்னால் தொங்கும் மெல்லிய இழையில் கோக்கப்பட்டிருக்கும். கெண்டை எதையும் முதலில் உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும். வாயில் பல் கிடையாது, பல் எல்லாம் தொண்டைக்குள். உறிஞ்சிய இரையைத் துப்பும்போது, திறந்து நிற்கும் முள் உதட்டின் உட்புறத்தில் மாட்டுகிறது. லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இதில் இழையின் நீளம் உருண்டையின் அளவைப் பொறுத்தது. உருண்டைக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். உருண்டைகள் பல அளவில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி மாறும். இப்போது வீட்டிலேயே ஒரே நீளத்தில் பத்து ரிக் கட்டி எடுத்துப்போகிறேன். இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடும் வேலை இல்லை.

அப்புறம் உண்டிவில். கரையிலிருந்து இரை தூவ உண்டிவில்தான் என் கை. கோணல் உருண்டை காற்றில் திரும்பி எங்கோ போய் விழும். உருண்டு திரண்டது நேராகப் போகும். முப்பது உருண்டை அடித்தால் முப்பதும் ஒரு சின்ன மேஜை அளவு இடத்துக்குள் விழுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

இவ்வளவு சொன்ன பிறகு, நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் எங்கள் மூவருக்குள் பெரிய மீன் உருட்டாத மாவில்தான் விழுந்தது. பலகையில் கடைசியாக மிஞ்சிய மாவுக் கயிற்றை அந்தத் தம்பி கேட்டு வாங்கி, கத்தியால் குட்டைக் குட்டையாக நறுக்கி, தலையணை மாதிரி வேகவைத்து எடுத்து வந்தான்.

“அக்கா, எல்லாரும் உருண்டையே போடுறாங்க. மீனுக்கே இது பார்த்துப் பழகியிருக்கும்.”

அன்று மாலை, மீன் இழுத்தால் ஒலிக்கும் அலாரங்களில் அவனுடையதுதான் முதலில் கூவியது. கண்ணாடிக் கெண்டை. பக்கவாட்டில் பெரிய பெரிய செதில்கள் நாலைந்து, மற்ற இடமெல்லாம் வழவழவென்று. 9 கிலோ. ஈரப் பாயில் கிடத்தி, முள்ளை எடுத்து, மூன்று பேரும் குனிந்து ஆசை தீரப் பார்த்துவிட்டு விட்டோம். நறுக்கிய துண்டுக்குப் பலகையே வேண்டாம், துப்பாக்கி போதும். தூண்டில் அதிகம் விழும் தண்ணீரில் வட்டமான இரையைக் கண்டு கெண்டை தயங்குவது உண்மைதான் என்று நானும் நம்புகிறேன். அதனால் இப்போது முள்ளில் நறுக்கியது ஒன்று, சுற்றிலும் தூவ உருண்டைகள் என்று கலந்து போடுகிறேன்.

துப்பாக்கியைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்ல முடியவில்லை. ஆறாவது கிலோவில் மூடியின் மரை விரிந்துவிட்டது. அழுத்தும்போது மாவு மூக்கு வழியாக வராமல் பக்கத்தில் பிதுங்கியது. குளிர்ந்த மாவு கெட்டியாக இருக்கும், அதைத் தாங்கும் தடிமன் அந்த மூடிக்கு இல்லை. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. என் மாதிரி மூட்டு வலி உள்ளவர்களுக்கு அந்த விசையை அழுத்துவதே கஷ்டம். இரும்பு உடம்பு, நீளமான கைப்பிடி உள்ளதாகத் தனியாகத் தேடி வாங்குங்கள். மாவை மூடி வைக்கிற அந்த இருபது நிமிஷமும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் இளகி வரும், அழுத்தச் சுலபம்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் சுடுதண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். வாய்க்காலில் ஒட்டிய முட்டை அங்கேயே வெந்து இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், பிறகு வேண்டுமானால் சுடுதண்ணீர். உருட்டுவதற்கு முன் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவினால் போதும். தாராளமாக ஊற்றினால் மாவு உருளாமல் வழுக்கிக்கொண்டே போகும்.

மாதம் ஒரு தடவைதான் தண்ணீர்ப் பக்கம் போவீர்கள் என்றால் இது வேண்டாம். அலமாரியில் இடத்தை அடைக்கும், தவிர ஒரு பலகை ஒரே அளவுதான் உருட்டும். 12 வேண்டுமென்றால் வேறு பலகை. வாராவாரம் போகிறவர்கள், உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், கைவிரல் வலிக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரு கிலோ இப்போது எனக்கு முக்கால் மணி நேரம், வேகவைப்பது தனி.

போன வாரம் மூத்தவர் ஒரு துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே ரொட்டித் தூளில் முட்டை விட்டுப் பிசைந்த மாவு.

“சும்மா ஒரு தடவை உருட்டிப் பாரேன்மா. வாக்கர் இருந்தா அவரும் பார்த்திருப்பார்.”

மாவில் ஈரம் ஜாஸ்தி, வாய்க்காலில் அப்பிக்கொண்டது. ரெண்டு கரண்டி ரவை சேர்த்து, மூடி வைத்துவிட்டு, இருபது நிமிஷம் இருவரும் காத்திருந்தோம். இரண்டாவது முறை மேல்பாகத்தை அவரையே தூக்கச் சொன்னேன்.