கோயில் நிலக் குத்தகையா, ஒப்படைப் பட்டாவா? நெல்லை வயக்காட்டுக் கணக்கு

குத்தகைக்கு 5க்கு 2 மதிப்பெண். நிலமில்லாதவர் பேருக்கு அரசு தரிசை எழுதிக் கொடுக்கும் ஒப்படைப் பட்டாவுக்கு 3. ஆளுக்குத் தனி எண் போட்டு உட்பிரிவு செய்யாமல் கொடுக்கும் பட்டாவாக இருந்தால் அதற்கு 1 போடுவதே தாராளம்.

கோயில் நஞ்சை சாமி பேரில் இருப்பது, அரசு சொத்து கிடையாது. ஆனால் ஏலம் விடுவதும் ரசீது கிழிப்பதும் அறநிலையத்துறையின் மேற்பார்வையில்தான். சொந்தக் காணி இல்லாதவர் பார்வையில் இதுவும் சர்க்கார் குத்தகைதான்.

குத்தகையின் முதல் கோளாறு காலண்டரில் இருக்கிறது. குத்தகை ஓடுவது பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டின்படி. அது ஜூலை 1ல் பிறந்து ஜூன் 30ல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. அணையில் தண்ணீர் இருந்தால் கார் என்னும் முதல் போகச் சாகுபடிக்குப் பாபநாசம் திறப்பது ஜூன் தொடக்கத்தில். அதாவது பழைய குத்தகை முடியும் முன்பே நாற்றங்கால் பாவியாக வேண்டும். ஜூனில் ஏலம் வைத்தால், எடுத்தவர் வயலில் இறங்கும்போது பழைய ஆள் அம்பை 16 ரக நெல் நாற்றை நட்டிருப்பார். அது 115 நாள் பயிர். அறுக்கும்வரை அவர் விடமாட்டார், விடச் சொல்வதும் நியாயமில்லை. இரண்டாம் போகமான பிசானம் அறுத்து வயல் வெறுமையாகக் கிடக்கும் மாசி, பங்குனியில் நடக்கும் ஏலத்துக்குத்தான் போகலாம்.

அடுத்தது பாட்டம், அதாவது குத்தகைக்குக் கட்ட வேண்டியது. 1956 நியாயக் குத்தகைச் சட்டத்தின் இன்றைய கணக்கு மொத்த மகசூலில் 25 சதவீதம். ஏக்கருக்கு 2,200 கிலோ விளையும் வயல் என்றால் 550 கிலோ. ஏலத்தில் ஆளுக்கு ஆள் ஏற்றிவிட்டு 800 கிலோ மதிப்புக்கு எடுத்தால் 36 சதவீதம் போய்விடும்; உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம் எல்லாம் மீதியில்தான். கோயில் நிலத்துக்கு 1961ன் 57ஆம் சட்டம் தனியாக இருக்கிறது. ஏலத்தில் வாய் திறக்கும் முன் பாட்டம் நெல்லில் எழுதப்படுமா, ரொக்கத்திலா என்று கேட்டுவிடுங்கள். ரொக்கமாக எழுதினால், நெல் விலை இறங்கும் வருடம் முழு அடியும் உங்களுக்கு.

தண்ணீரை வரைபடத்தில் பார்க்க முடியாது. எந்தக் கால்வாய், எத்தனையாவது மடை என்று விசாரியுங்கள். கோடை மேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் பாசனத்தில் கார், பிசானம் இரண்டும் எடுக்க வாய்ப்பு கூடுதல். கீழே கடைமடை வயலுக்கு பல வருடம் பிசானம் மட்டும்தான். ஒருபோகத்துக்கு இருபோகப் பாட்டம் கட்டினால் கடன்தான் மிஞ்சும். பயிர் கருகினால் பாட்டத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் வஜா மனுவை, கருகிய பயிர் வயலில் நிற்கும்போதே கொடுக்க வேண்டும். அறுத்த பிறகு வந்து பார்ப்பவருக்கு அறுத்த அடித்தாள்தான் தெரியும்.

1959 அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி வேண்டும். அதனால் குத்தகை குறுகிய காலத்துக்குத்தான்; பசுந்தாள் உரத்துக்குக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழ யாருக்கும் மனம் வருவதில்லை. நாளைக்கு யார் வயலோ என்று யூரியாவைத் தூவிவிட்டுப் போகிறார்கள். இதே சீமையில் மலைமேல் மாஞ்சோலைக் காட்டை 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேல் ஒரு கம்பெனிக்கு 99 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தது!

குத்தகை எடுத்தவர் விட்டுவிடக் கூடாத வேலை ஒன்று உண்டு. 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாலுகாவில் மனு கொடுத்துப் பெயரைப் பதிவதும், ஒவ்வொரு போகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் பயிரையும் பெயரையும் ஏற்றுவதும்தான் அது. அடங்கல் இல்லாவிட்டால் கூட்டுறவுக் கடன், கொள்முதல் நிலையம், பயிர்க் காப்பீடு மூன்றிலும் அலைச்சல். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் தொகை குத்தகைதாரருக்கு எப்படியும் கிடையாது. எடுத்த நிலத்தை உள்குத்தகைக்கு விட்டால் சட்டப் பாதுகாப்பும் போயிற்று. தானோ குடும்பத்தாரோ உடலுழைப்பு போடுகிறவர்தான் சட்டத்தின் கண்ணில் சாகுபடிக் குத்தகைதாரர்.

இனி ஒப்படை. 2006ல் தொடங்கிய திட்டத்தில் நிலமற்ற ஏழைகளுக்கு 2 ஏக்கர் வரை தரிசு கிடைத்தது. மானூர், ராதாபுரம் பக்கத்து மானாவாரிப் புஞ்சையில் 2 ஏக்கர் என்றால் கிணறும் கரண்டும் இல்லாமல் உளுந்து, பாசி, எள்ளுக்கு மேல் நினைக்க முடியாது. ஆனாலும் அடுத்த வருடம் யார் கையில் என்ற பயம் இல்லை, அதற்குத்தான் அந்த 3.

பட்டா கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது: தமிழ்நிலம் இணைய சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடான அ பதிவேட்டைப் பாருங்கள். அங்கே இன்னும் ‘அரசு தரிசு’ என்றே இருந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் தாள். 214 என்ற புலத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் 214/1 முதல் 214/10 வரை உட்பிரிவு விழ வேண்டும், புலப்படத்தில் கோடு ஏற வேண்டும், சர்வேயர் கல் ஊன்ற வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வலுத்தவர் வரப்பை நகர்த்துவார். பதிவேட்டில் ‘டி.சி.’ நிபந்தனை இருந்தால் அது ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். பட்டியலினத்தவர் அல்லாதவருக்குக் கைமாறாது.

நஞ்சையைப் பிரிக்கும்போது தொல்லை வேறு. இங்கே வயல் விட்டு வயல் பாய்ச்சல். 6 ஏக்கரை 50 சென்டாகப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தால், மேல்வயல்காரர் அறுப்புக்காகத் தண்ணீரை வடிக்கும் நாளில் கீழ்வயல் பால் பிடித்துக்கொண்டிருக்கும். நடுவில் உள்ளவர் வயலுக்கு அறுப்பு இயந்திரமான பெல்ட் வண்டி போக வேண்டுமானால் பக்கத்து வயல் நெல்லை மிதித்துக்கொண்டுதான் போகும். உட்பிரிவு கிழிக்கும் முன்பே பாதைக்கும் வாய்க்காலுக்கும் தனி எண் போட்டு 10 அடி ஒதுக்கச் சொல்லுங்கள். கல் ஊன்றிய பிறகு கேட்டால் ஒரு சாண் கிடைக்காது.