வேப் சூடானால் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

வேப், அதாவது மின்-சிகரெட், கையில் சுடுகிறதா? முதலில் பார்க்க வேண்டியது, சூடு மேலேயா கீழேயா என்பதைத்தான். மேல்பக்கம், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில் (coil) இருக்கிறது. திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் கொதிக்கவே 188 டிகிரி வேண்டும், அதனால் தொடர்ந்து நாலு இழுப்பு இழுத்தால் அங்கே சூடு ஏறத்தான் செய்யும். கீழ்ப்பக்கம் பேட்டரி. அங்கே இளஞ்சூட்டுக்கு மேல் போனால் கீழே வைத்துவிட வேண்டும். பட்டனைத் தொடாமல் பையில் சும்மா கிடக்கும்போதே கீழ்ப்பக்கம் சூடானால், அதை இனி வாயில் வைக்கவே கூடாது.

நான் மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரன், வேலை அங்கேயே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். சிகரெட்டை விட்டு இந்தப் பக்கம் வந்து சில வருஷம் ஆகிறது. முதலில் 18650 என்ற அளவு உருளைப் பேட்டரி இரண்டைக் கழற்றிப் போடும் பெட்டி வடிவ வேப், அதாவது பாக்ஸ் மோட்; இப்போது பேட்டரி உள்ளேயே இருக்கும் சின்னப் பாட். புகை எப்படி, ருசி எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேட்டரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மோடை 80 வாட்டில் வைத்தால் ஒவ்வொரு பேட்டரிக்கும் 40 வாட். முழு சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில், அது ஏறக்குறைய ஒன்பதரை ஆம்பியர். சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டுக்கு வந்தால் அதே 40 வாட்டுக்குப் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். காலையில் குளுமையாக இருந்த மோட் சாயங்காலம் சுடுவதற்குக் காரணம் இதுதான். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சாமல் பாதி தாண்டியதும் மாற்றிவிட்டால் சூடும் குறையும், பேட்டரியும் நாள்பட உழைக்கும். சர்க்கியூட்டே இல்லாத மெக்கானிக்கல் மோட் வேறு விஷயம். 0.15 ஓம் காயில் போட்டால் 28 ஆம்பியர் போகும், தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் கிடையாது. பெயர்பெற்ற சாம்சங் 25ஆர் பேட்டரியே தொடர்ந்து தரக்கூடியது 20 ஆம்பியர்தான். மெக்கானிக்கல் மோடை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்புறம் பேட்டரியின் மேலுறை. 18650 உருளையின் உடம்பு முழுக்க நெகட்டிவ், உச்சியில் இருக்கும் பொத்தான் மட்டும் பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒரு வளையம், அதன்மேல் அந்த பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான் காவல். போட்டு எடுக்கும்போது மேல் விளிம்பில்தான் முதலில் கிழியும். நகக்கண் அளவுக்கு வெள்ளித்தகடு பளிச்சென்று தெரிந்தாலே உறையை மாற்றிவிட வேண்டும், சில காசுதான் செலவு. கூடுதல் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் கால்சட்டைப் பையில் போடவே கூடாது, பிளாஸ்டிக் டப்பா அவசியம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்திருக்கிறது. அதில் 62 விழுக்காடு பையில் இருக்கும்போதோ பயன்படுத்தும்போதோ நடந்தவை. தொடைக்குப் பக்கத்தில் எரிகிற விஷயம் இது.

18650 மேல் 9900 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தால் அது பொய். இந்த அளவுப் பேட்டரியில் 3500 சொச்சத்தைத் தாண்டுவதே அரிது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்கும்.

நம்ம ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். மத்தியானம் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலோ மூடிய காரிலோ கிடந்த வேப்பை எடுத்தவுடன் சார்ஜில் போடாதீர்கள். இந்த வகைப் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நிழலில் அரை மணி நேரம் ஆறட்டும்.

பாட் பெரும்பாலும் தொந்தரவு தரவில்லை. ஒரே ஒரு முறை, நண்பர் கொடுத்த பெயர் தெரியாத ஒரு பாட். மலேசியத் தரச்சான்றான சிரிம் முத்திரை இல்லை. சாப்பாட்டு மேசையில் சார்ஜில் இருந்தது. "என்னங்க, நகப்பூச்சு வாடை மாதிரி அடிக்குது?" என்று என் மனைவி கேட்டபோது போய்ப் பார்த்தேன். அடிப்பக்கம் தொட முடியாத சூடு, பக்கவாட்டு இணைப்பு விரிந்து உப்பியிருந்தது. சுவரில் சுவிட்சை அணைத்து, இடுக்கியால் பிடித்து வெளியே சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே இருக்கும் கரைப்பான் கசிந்தால் இந்த இனிப்பு வாடை வரும், வந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. படுக்கையில், தலையணைக்குப் பக்கத்தில், தூங்கும்போது சார்ஜ் போடவே வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். தீப்பிடித்தால் மலேசியாவில் 999ஐ அழையுங்கள்.

விமானப் பயணத்துக்கு வருவோம். செக்-இன் பெட்டியில் வேப் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். ஆனால் திருச்சி, சென்னை போகிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், இந்தியா 2019இல் தடை செய்துவிட்டது. சிங்கப்பூரிலும் தடைதான்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டால் லோரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.