ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? பாளையங்கோட்டையில் ஏறி இறங்கிய வாசல்கள்

மகனுக்கு ஆட்டிசம், கூடவே எழுதுவதிலும் சிரமம். பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம்தான், தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர் வேறு. ஆனால் இவனுக்கென்று தேடப் போனால் ஊர் சுருங்கிவிடுகிறது. “நல்லாத்தான பேசுதான், பெறவு என்னத்துக்கு இப்படி அலையுத?” என்று மாமியார் கேட்காத நாளில்லை.

முதலில் போனது அவன் அப்பா படித்த உதவிபெறும் பள்ளி. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வகுப்புக்கு அறுபது பிள்ளைகள், காலை வணக்கத்துக்கு ஒலிபெருக்கி, அதிலேயே இவன் பாதி நாள் காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிடுவான். ஹெச்எம் மரியாதையாகத்தான் பேசினார். “சேத்துக்கிடலாம்மா, மத்த பேரன்ட்ஸ் ஏதும் சொன்னா மட்டும்...” என்று இழுத்தார். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி இடம் வாங்கிவிடலாம், சரி, அப்புறம் ஏழு வருஷம் அந்த முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

புறவழிச்சாலைப் பக்கத்து சிபிஎஸ்இ பள்ளியில் வகுப்புக்கு முப்பது பேர், சிறப்பாசிரியரும் உண்டு. கட்டணம் கையைக் கடிக்கும், கூடவே உட்கார ஆள் வேண்டுமென்றால் அந்தச் சம்பளமும் நம் தலையில். என்னைத் தடுத்தது மூன்றாவது மொழி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலுமே எழுத்தை இடம் மாற்றிப் போடுகிறவனுக்கு இந்தி வேறு. சட்டப்படி விலக்குக் கேட்கலாம், வருஷா வருஷம் மனுவும் கையுமாக நிற்கத் தெம்பு வேண்டுமே. பத்தாவது பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிக்கு விலக்கு எல்லாம் இங்கே கிடைக்கும் என்றார்கள். மாநில வாரியத்திலும் இவை உண்டு, அதற்காக யாரும் போர்டு மாற வேண்டாம்.

சிறப்புப் பள்ளியையும் பார்த்தேன். பேச்சுப் பயிற்சி அருமை, ஆனால் இவன் வாசிப்பில் வேகம், அங்கே சலித்துப்போவான். என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி எனக்குப் பின்வாசல் மாதிரி: 14 வயதானால் பத்தாவதுக்குப் பதியலாம், ஐந்து பாடம், ஐந்து வருஷத்துக்குள் 9 முறை எழுதலாம். பள்ளி ஒத்துவராமல் போனால் அது இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

கடைசியில் சேர்த்தது பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி. வகுப்பில் 24 பேர். கழிப்பறை சுமார்தான். வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள் என்பதால் வாரம் ஒருநாள் தலைகாட்டினால் பெரிசு. ஆனால் வகுப்பு டீச்சர் மார்க் ஷீட்டைத் தொடவே இல்லை. “மணி அடிச்சா பயப்படுவானா? அப்ப அதுக்கு முன்னாடியே நான் சொல்லிருதேன்” என்றார். எத்தனை வாசல் ஏறினேன், அவனைப் பற்றி ஒருவர் கேட்டது அங்கேதான்.

எங்கே சேர்த்தாலும் மாற்றுத்திறனாளி சான்றையும், யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். எங்களுக்கு ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு நாலு நடை ஆனது, பத்தாவது நெருங்கும்போது ஓடினால் நாக்குத் தள்ளிவிடும்.

இப்போது மணிக்கு முன்னால் அவனே கையைக் காதருகே கொண்டுபோய்விட்டு டீச்சரைப் பார்க்கிறானாம். அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் அவர் பேர் வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.