ஒலிநாடாவுக்குத் தனிக்கட்டுரையா, பாடகர் கட்டுரையில் ஓர் உட்பிரிவா?

காங்கேயம் பக்கத்து உடுக்கையடிப் பாடகர் ஒருவர் பாடிய, பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லப்படும் கொங்கு நாட்டார் கதைப்பாடலான அண்ணன்மார் கதையின் ஒலிநாடாத் தொகுப்பு அது. எங்கள் பக்கத்து நோம்பிகளில் (திருவிழாக்களில்) ஒலிபெருக்கி கட்டினால் அந்தக் குரல் கேட்காமல் இருக்காது. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் தனிக்கட்டுரை தொடங்குவதா, பாடகரைப் பற்றிய கட்டுரையிலேயே உட்பிரிவாகச் சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. உட்பிரிவாகத்தான் சேர்த்தேன். தொகுப்பின் பெயரைத் தேடுகிறவர் நேரே அங்கே போய்ச் சேரும்படி வழிமாற்றும் வைத்தேன்.

தனிக்கட்டுரைக்கான விதி விக்கிப்பீடியாவில் எழுதித் திருத்தும் தொகுப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். பாடகரையும் வெளியிட்ட நிறுவனத்தையும் சாராத ஒருவர், நம்பத்தக்க இடத்தில், அந்தத் தொகுப்பைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். பாடியவர் பேர்பெற்றவர் என்பதால் அவருடைய ஒவ்வொரு ஒலிநாடாவும் தனிக்கட்டுரைக்குத் தகுதி பெற்றுவிடாது. யூடியூப் பார்வைக் கணக்கும் விற்பனைத் தளங்களின் பட்டியலும் சான்றாகா.

1992இல் வந்த ‘ரோஜா’வின் பாடல்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஏ. ஆர். ரகுமானுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த இசை, அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கோவையிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழாவின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘ஹிப் ஹாப் தமிழன்’ இணையக் காலத்தில் வந்தது, தேடினால் எழுத்து கிடைக்கும். ஆனால் கலைஞர் தம்மைப் பற்றித் தாமே பேசும் நேர்காணலை மட்டும் வைத்துக் கட்டுரை நிற்காது. திரையிசை, ராப் பக்கங்களில் நான் அதிகம் கைவைத்ததில்லை. கீழே சொல்வது அங்கேயும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

நாட்டார் ஒலிநாடாவின் நிலை வேறு. அட்டையில் இரண்டு பக்கங்களிலும் என்னென்ன கட்டம் இருக்கிறது என்ற குறிப்பும் கம்பெனி பெயரும் இருக்கும், ஆண்டு இருக்காது. கதையைப் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965 வாக்கில் ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை உடுக்கைப் பாடகர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்தார். 1992இல் அது தமிழும் ஆங்கிலமுமாக நூலாயிற்று. அருமையான சான்றுதான், ஆனால் கதைக்கும் பாடும் மரபுக்குமான சான்று. என் கையிலிருந்த ஒலிநாடாவைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அதைக் கொண்டுபோய் ஒலிநாடாக் கட்டுரைக்கு அடிக்குறிப்பாக வைப்பது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

இதற்கெல்லாம் மேலாக என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கட்டுரையைத் தொடங்குவது ஒரு மாலை வேலை. அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது? கீழ்பவானி வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதது போலத்தான், இப்படிப்பட்ட சிறு பக்கங்களுக்கு யாருடைய கண்ணும் எட்டுவதில்லை. ஒருவர் வந்து ஆண்டை மாற்றுவார். இன்னொருவர் உரிமையில்லாமல் ஏற்றிய பதிவுக்கு இணைப்புக் கொடுப்பார். அண்ணன்மார் எந்தக் கூட்டம், எந்தக் குலம் என்ற வழக்கையும் இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். பாடகரின் கட்டுரை பலருடைய கவனிப்புப் பட்டியலில் (மாற்றம் நடந்தால் காட்டிக்கொடுக்கும் பட்டியலில்) இருப்பதால் அங்கே இது நடந்தால் யாராவது சீக்கிரம் மீட்டுவிடுவார்கள். ஒலிநாடாவின் பக்கத்தைத் தொடங்கியவர் ஒருவர்தான் கவனிப்பார். அவரும் ஓய்ந்துவிட்டால் தவறு மாதக்கணக்கில் நிற்கும், அதைப் பார்த்து மற்றத் தளங்களும் நகலெடுக்கும்.

மொடக்குறிச்சிப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தபோது தாளுக்கு அளவு இருந்தது, எதைச் சேர்ப்பது என்று யோசித்தே ஆகவேண்டும். நமக்குத் தாள் செலவில்லை. பார்த்துக்கொள்ள ஆள்தான் குறைவு.

கோபியில் இருக்கிற இளைய தொகுப்பாளர் ஒருவர் கேட்டார்: “ஏனுங்கண்ணா, தனிப்பக்கம் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு? அட்டைப் படமாவது போடலாமுல்லீங்க?” அவர் சொல்வதில் நியாயம் உண்டு. காப்புரிமையுள்ள அட்டைப் படத்தை நியாயப் பயன்பாட்டில், அதாவது அனுமதி வாங்காமல் வரம்புக்குட்பட்டுப் பயன்படுத்தும் முறையில், வைக்கத் தொகுப்புக்கான தனிக்கட்டுரைதான் வசதி. பாடகரின் கட்டுரையில் வைத்தால் நீக்கிவிட வாய்ப்பு அதிகம். அந்த இழப்பு எனக்கும் வருத்தம்தான்.

வழிமாற்றிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. யாராவது உட்பிரிவின் தலைப்பை மாற்றினால் இணைப்பு கட்டுரையின் உச்சியில் போய் நின்றுவிடும், திருத்த வேண்டும். ஆனால் பெரிய வசதி ஒன்றும் உண்டு. நீக்கிய பக்கத்தின் வரலாறு, அதாவது அதன் பழைய வடிவங்கள், நிருவாகிகளுக்கு மட்டுமே தெரியும். வழிமாற்றாக்கிய பக்கத்தின் வரலாற்றை யாரும் திறந்து பார்க்கலாம், அதிலிருந்தே கட்டுரையைத் திரும்ப எழுப்பலாம். நாளைக்கே நாட்டாரியல் ஆய்வாளர் ஒருவர் இந்தப் பதிவின் பாடல் முறையையோ அது ஊர் ஊராகப் பரவிய விதத்தையோ ஆராய்ந்து எழுதினால், பாடல் பட்டியலைத் தாண்டி மூன்று பத்திக்குச் சரக்குச் சேர்ந்தால், தனிக்கட்டுரையை நானே திறப்பேன். கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் அதை எழுதியும் வைத்திருக்கிறேன்.