வாளியா, தடியா, ஜிம்மியா?

எங்களிடம் இருப்பவை 12 செம்மறிகள். இறைச்சிக்காக வளர்க்கிற, சின்ன உடம்பு கொண்ட யாழ்ப்பாணத்து நாட்டு இனம். காலையில் பட்டியைத் திறந்து ஒழுங்கையால் வெளிக்குச் சாய்த்துப் போக வேண்டும், பொழுதுபட முன் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அரைக்கட்டைத் தூரம்கூட வராது. ஆனால் வழியில் மூன்று படலைகள், ஒரு முச்சந்தி, அதற்குப் பக்கத்திலேயே வெங்காயத் தோட்டம்.

வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ஊர் நாய், பெயர் ஜிம்மி. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதற்கென்றே பிறந்தது. வெளிநாட்டு நாய்கள் ஆடு மேய்க்கிற வீடியோக்களை யூடியூப்பில் பார்த்துவிட்டு, இதையும் பழக்கினால் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். சரி, பார்ப்போம் என்று அவிழ்த்துவிட்டேன்.

முச்சந்தி வரைக்கும் வீரம்தான். அங்கே ஜிம்மி குரைத்துக்கொண்டு ஆடுகளின் நடுவில் நேரே பாய்ந்தது. ஆடுகள் ஒரு கணம் ஒட்டிக் குவிந்தன, அடுத்த கணம் கிடுகு வேலி சரிந்தது. ஐந்து ஆடுகள் வெங்காயப் பாத்திக்குள். தோட்டக்கார ஐயா தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, முதல்ல நாயைப் பிடியும். ஆடு தன்பாட்டில வரும்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. நாயைக் கட்டியதும் ஆடுகள் தாமாக ஒழுங்கைக்கு ஏறின.

பிழை ஜிம்மியில் இல்லை. எல்லா நாய்க்குள்ளும் வேட்டை ஒரு வரிசையாக இருக்கிறது: உற்றுப் பார்த்தல், பதுங்கல், துரத்தல், கடித்தல். ஆடு மேய்க்கவென்றே வளர்த்தெடுத்த பார்டர் கோலி நாய் இனத்தில் முதல் இரண்டையும் வளர்த்து, கடியை மழுங்கடித்திருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் 1873-லேயே மேய்ப்பு நாய்ப் போட்டி நடந்திருக்கிறது. அவ்வளவு காலமாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனம் அது. அந்த நாய் ஆடுகளை நோக்கி நேரே ஓடாது. அகல வளைந்து மந்தையின் மறுபுறம் போய் நின்று, ஆட்களிடம் தள்ளிக் கொண்டுவரும். நம் வீட்டு நாய் துரத்தலில் தொடங்கும். எங்கே முடிக்கும் என்று அதற்கே தெரியாது.

அப்படியானால் ஒரு கோலியையே வாங்கினால்? மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான ஆடுகளைத் திரட்டப் பிறந்த நாய் அது. நம் ஒழுங்கையில் அதற்குக் காலையும் மாலையும் இருபது நிமிட வேலை. மிச்ச நேரம் கோழியையும் சைக்கிளில் போகிற பிள்ளைகளையும் மேய்க்கும். அந்த அடர்ந்த மயிரோடு நம் சித்திரை வெயிலில் அது படும் பாடு வேறு. வேண்டாம்.

தடி பழைய முறை. பூவரசங்கம்பு ஒன்றும் விஷயம் தெரிந்த ஆள் ஒருவரும் போதும். செம்மறிக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ சுற்றிவரத் தெரியும், நேர் பின்புறம் மட்டும் தெரியாது. அதனால் நேர் பின்னால் போனால் அது நின்று திரும்பிப் பார்க்கும். கொஞ்சம் பக்கவாட்டில், தோளுக்குப் பின்னே நடந்தால் முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னுக்கு வந்தால் திரும்பிவிடும். இதை அறிந்தவருக்குக் கம்பை ஓங்கவே தேவையில்லை. குறை என்னவென்றால் முச்சந்தியில் மறிக்க இன்னொரு ஆள் வேண்டும். பையனுக்குக் காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன்.

வாளிக்கு நான் அதிக புள்ளி போடுவேன். தவிட்டில் கொஞ்சம் புண்ணாக்கைக் கலந்து, வாளியைக் கையால் தட்டிக்கொண்டு முன்னே நடக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கிழமை எடுத்தது. இப்போது தட்டும் சத்தம் கேட்டாலே கிழட்டு மறி முன்னே வருகிறது, அதன் பின்னே மற்றவை. ஓர் ஆட்டுக்கு ஒரு பிடிக்கு மேல் கொடுக்காதீர்கள், வயிறு ஊதிவிடும். சின்னப் பிள்ளையிடம் வாளியைக் கொடுக்கவும் வேண்டாம்; ஆசை முற்றினால் ஆடு பிள்ளையை இடித்து விழுத்திவிடும். வெள்ளாடு ஒன்றுக்கு மணி கட்டி முன்னே விடலாம் என்பார்கள். விட்டுப் பார்த்தோம். அது கிளுவை வேலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

வாளியிலும் ஓட்டை உண்டு. முன்னே போகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது; கடைசி இரண்டு குட்டிகள் திறந்த படலைக்குள் நழுவிவிடும். இங்கேதான் ஜிம்மிக்கு ஒரு வேலை கிடைத்தது. முச்சந்தியில் தோட்டப் பக்கம் திரும்புகிற இடத்தில், குட்டைக் கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பார். நாய் ஓடவோ குரைக்கவோ தேவையில்லை. அது நிற்பதைக் கண்டதுமே ஆடுகள் மறுபக்கம் ஒதுங்கிப் போகின்றன. அதாவது நாயைச் சாரதியாக அல்ல, படலையாகப் பயன்படுத்துகிறோம். இதற்கு அது "இரு", "வா" என்ற இரண்டைக் கேட்டால் போதும்.

சினை ஆட்டையோ இளங்குட்டியையோ நாயோடு பழக்கத் தொடங்காதீர்கள். துரத்தலில் சினை கலையும். குட்டி ஈன்ற மறி நாயை முட்டவும் வரும். சாந்தமான கிழட்டு ஆடுகள் மூன்று நான்கோடு, நாயை நீளக் கயிற்றில் பிடித்து, ஐந்து நிமிடம் பழக்கினால் போதும். விசர்நாய்த் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் தவறக்கூடாது. ஆடு அடித்தால் ஈரல், நுரையீரல், குடல் போன்ற பச்சை உள்ளுறுப்பை நாய்க்குப் போடவே கூடாது. அதன் வழியாக நாடாப்புழு நாய்க்குப் போய், நாயிடமிருந்து திரும்ப ஆட்டுக்கு வரும். அதில் ஒரு வகை மனிதரையும் பிடிக்கும்.

பொழுதுபட்டதும் கடைசிக் குட்டி பட்டிக்குள் நுழைந்த பிறகுதான் கயிற்றைக் கழற்றுவோம். ஜிம்மி நேரே வாளியடிக்குப் போய், அடியில் ஒட்டிய தவிட்டை நக்கும்.